ஏழரை என்று கூப்பிடுகிறார்கள்

கேள்வி:

அன்புள்ள மேடத்துக்கு, டெல்டாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருக்கிறேன். கடைமடைப் பக்கத்துக் கிராமம். அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. இப்போது ஓ.ஜி. (மகப்பேறு) போஸ்டிங். எங்கள் யூனிட் பி.ஜி. (மேற்படிப்பு மாணவர்) ஒருவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. ‘ஏழரை’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்டாஃப் நர்ஸ்கூடச் சிரிக்கிறார்கள். ரவுண்ட்ஸில் அசிஸ்டென்ட் புரொஃபஸர் ஒருவர் கேஸ் ஷீட்டை என் மேல் வீசி, ‘மாடு மேய்க்கப் போக வேண்டியதெல்லாம் இங்க வந்து உசுர வாங்குது’ என்றார். நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது மணி நேரம் சேர்ந்தாற்போல் டியூட்டி. எல்லாருக்கும் பி.பி. பார்க்க முடியவில்லை என்றால் 120/80 போட்டு நிரப்பு என்கிறார்கள். நிரப்பியிருக்கிறேன். தியேட்டரில் மயக்கம் கொடுத்திருந்த ஓர் அம்மாவுக்கு, கற்றுக்கொள்ளுங்கள் என்று எங்கள் நாலு பேரை வரிசையாக பி.வி. (பிறப்புறுப்பினுள் கைவிட்டுச் செய்யும் பரிசோதனை) பார்க்கச் சொன்னார்கள். அந்த அம்மாவுக்கு இது தெரியாது. நானும் பார்த்தேன். போன வாரம் லேபர் வார்டில் வலியில் கத்திய ஒரு பெண்ணைத் திட்டிவிட்டேன். தொடையில் ஓங்கித் தட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. ‘சரிங்க டாக்டரம்மா, கத்தல’ என்றார். அன்றையிலிருந்து தூக்கம் வரவில்லை. சில ராத்திரி, விடியாமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது. வீட்டில் சொல்லவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லையா? புகார் கொடுத்தால் பயிற்சிக் காலத்தை நீட்டி எக்ஸ்டென்ஷன் போட்டுவிடுவார்களா? பெயரும் கல்லூரியும் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

‘நீ’ என்றே எழுதுகிறேன், என் மகளைவிட இளையவள் நீ. முப்பது வருஷத்துக்கு மேல் லேபர் வார்டில் இருந்தவள், ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் இருக்கிறேன் என்பது மட்டும் என்னைப் பற்றி உனக்குத் தெரிந்தால் போதும்.

‘விடியாமலே போனால் நல்லது’ என்று எழுதியிருக்கிறாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம். எனக்கு எழுதிய இந்த வாக்கியத்தை இன்றைக்கே ஒரு மனுஷியிடம் வாய்விட்டுச் சொல். ரூம்மேட்டாக இருந்தாலும் சரி, பள்ளித் தோழியாக இருந்தாலும் சரி. உன் கல்லூரியிலேயே மனநலத் துறை இருக்கிறது. அங்கே போனால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்கினால் 14416-க்குப் பேசு. அது டெலி மானஸ், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த எண்ணம் ‘எப்படி’ என்று யோசிக்கிற இடம் வரைக்கும் போனால் அன்றைக்குத் தனியாகப் படுக்காதே. டியூட்டி கிடக்கட்டும், யாரையாவது கூட்டிக்கொண்டு நேரே கேஷுவாலிட்டிக்கு நட. நெஞ்சு வலி என்று வருகிறவரிடம் ‘வார்டு வேலையை முடித்துவிட்டு வாங்க’ என்று நீ சொல்வாயா?

தூக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தடுமாறும் என்று 1997-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதித்திருப்பது 0.03 சதவீதம். அந்த நிலையில் உன்னை லேபர் டேபிள் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அந்த நேரத்தில் மனசு சொல்வதை உன் சொந்த முடிவு என்று எடுத்துக்கொள்ளாதே. முதலில் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் தூங்கு. டியூட்டியை யாரிடமாவது மாற்றிக்கொண்டாவது தூங்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

‘ஏழரை’ என்பது நம் ஊரில் வெறும் எண் இல்லை. சனி பிடித்தது, பீடை என்று அர்த்தம். 2020-ல் சட்டம் போட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இடம் அது. நீட்டில் தேறினால்தான் அந்த இடமும் கிடைக்கும். பிறகு அனாடமியில் இருந்து பைனல் இயர் வரை எல்லாரும் எழுதிய அதே பேப்பரை எழுதித்தான் நீயும் பாஸ் செய்தாய். அதையெல்லாம் தள்ளிவிட்டு, வாசலில் நுழைந்த வழியைப் பெயராக வைத்துக் கூப்பிடுகிறார் அந்த பி.ஜி. விளையாட்டுக்குச் சொன்னேன் என்பார். ‘பல்ஸ் பார்க்காமல் ஏன் வந்தாய், போய்ப் பார்த்துவிட்டு வா’ என்று கோபமாகச் சொன்னால் அது கண்டிப்பு. நீ செய்த வேலையைப் பற்றிய பேச்சு, நாளைக்கு நீ திருத்திக்கொள்ளலாம். மாடு மேய்க்கிற வீட்டில் பிறந்ததை நீ எப்படித் திருத்துவாய்? ஏன் திருத்த வேண்டும்?

இதை ஒரு குழந்தை மருத்துவர் வெகு காலம் முன்பே கண்டுபிடித்தார். அமெரிக்காவில் ஹென்றி சில்வர் என்று ஒருவர். பெற்றோரிடம் அடிபட்டு எலும்பு முறிந்து வரும் குழந்தைகளைப் பற்றி 1962-ல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய ஐந்து பேரில் அவரும் ஒருவர். இருபது வருஷம் கழித்து, 1982-ல், தன்னிடம் படிக்கும் மருத்துவ மாணவர்களைப் பற்றி எழுதினார். உற்சாகமாக உள்ளே வந்தவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் ஒடுங்கி, பயந்து, சிடுசிடுப்பாகி விடுகிறார்கள், அடிபட்டு வளரும் குழந்தைகளிடம் பார்த்ததை இவர்களிடமும் பார்க்கிறேன் என்றார். அப்படி வளர்ந்த பிள்ளைகளில் சிலர் பெரியவர்களானதும் கை ஓங்குவதும் நாம் அறிந்ததுதானே.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தால் கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கடைமடைக்கு வந்து சேரும்போது வழியில் கலந்த அத்தனையும் சேர்ந்துதான் வரும். வார்டிலும் அப்படித்தான். சீஃப் அசிஸ்டென்டைப் பேசுவார், அசிஸ்டென்ட் பி.ஜி.யைப் பேசுவார், பி.ஜி. உன்னைப் பேசுவார். உனக்குக் கீழே ஆளே இல்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய். இருந்தார், லேபர் டேபிளில் படுத்திருந்தார்.

அவரிடம் நீ என்ன வார்த்தை சொன்னாய் என்று எழுதவில்லை. லேபர் வார்டில் வழிவழியாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. அங்கே ஒரு ராத்திரி இருந்தவர்களுக்கு அது புரியும். நீ செய்தது தப்பு, அந்தத் தட்டும் தப்பு. தூக்கமில்லை, பி.ஜி. திட்டினார், டேபிள் காலியாகவில்லை என்பதெல்லாம் எப்படி நடந்தது என்பதற்குக் காரணம், அவ்வளவுதான். அந்தப் பெண் இந்நேரம் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். அட்ரஸ் தேடிக்கொண்டு போகாதே, அது உன் மன ஆறுதலுக்காக அவரை மறுபடி தொந்தரவு செய்வது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது எதிர்ப்பட்டால், நின்று, ‘அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா, மன்னிச்சுக்குங்க’ என்று மட்டும் சொல். எதிர்ப்படாவிட்டால், அடுத்த டேபிளில் இருக்கிறவரிடம் பேரைக் கேட்டுக் கூப்பிட ஆரம்பி. ‘ஏய் பதினாலு’ என்று பெட் நம்பரால் கூப்பிடும் வழக்கத்தை நீ விட்டாலே அங்கே பாதிச் சத்தம் அடங்கும். பெயரைப் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

இனி என் கதை ஒன்று. 1980-களின் கடைசி, நான் பி.ஜி. இரண்டாம் வருஷம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு ராத்திரி சந்தேகமாக இருக்கிறது என்று சீஃபை வீட்டிலிருந்து வரவழைத்தேன். வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. மறுநாள் ரவுண்ட்ஸில், நோயாளிகள், அவர்களுடைய அட்டெண்டர்கள், துப்புரவு அம்மா உட்பட எல்லாரும் கேட்க, ‘ராத்திரி மனுஷனை எழுப்பறதுக்கு முன்னாடி தலையில ஏதாவது இருக்கான்னு தட்டிப் பாத்துக்க’ என்றார். காது மடல் சுட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் ராத்திரி இரண்டு மணி. இருபத்திநாலு வயசுப் பெண், முதல் பிரசவம், குழந்தை நன்றாக இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தபோது பேட் நனைந்திருந்தது. மாற்றினேன், அதுவும் நனைந்தது. வயிற்றில் கை வைத்தால், கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவுபோல் இருந்தது. அழுத்திப் பிடித்துத் தடவினேன், கெட்டியானது, கையை எடுத்தால் மறுபடி தளர்ந்தது. பல்ஸ் 124. பி.பி. 110/70. ‘பி.பி. நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி போட்டேன், டிரிப்பில் மருந்தை ஏற்றினேன், மறுபடி தடவினேன். டெலிபோன் பத்தடி தூரத்தில் இருந்தது. அதைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக ஐம்பது நிமிஷம் போனது. பி.பி. 70-க்கு இறங்கிய பிறகுதான் கூப்பிட்டேன். சீஃப் ஓடி வந்தார். கர்ப்பப்பையை எடுத்து உயிரைக் காப்பாற்றினோம். இருபத்திநாலு வயசில். விடிந்ததும் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ‘ஏம்மா முன்னாடியே கூப்பிடல?’ என்பதுதான். அவர் கெட்டவர் இல்லை. தான் போன வாரம் சொன்ன வார்த்தைதான் அந்த ஐம்பது நிமிஷம் என்று அவருக்குத் தெரியவே இல்லை. நானும் சொல்லவில்லை.

இது என் ஒருத்தியின் கோழைத்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இஸ்ரேலில் ஒரு பரிசோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களுக்கு, உடம்பு மோசமாகிக்கொண்டே போகும் ஒரு குறைமாதக் குழந்தையை வைத்துப் பயிற்சி, குழந்தைக்குப் பதில் பொம்மை. சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் மட்டம் தட்டி இரண்டு வார்த்தை பேசினார், கெட்ட வார்த்தைகூட இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் கைவேலையிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. திட்டினால்தான் கவனமாக இருப்பார்கள் என்று நம்புகிற நம் ஆசிரியர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நானும் ஆசிரியையான முதல் சில வருஷம் அதே நாக்கோடுதான் இருந்தேன். ‘நாங்களும் இப்படித்தான் வந்தோம்’ என்று சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இப்போது 120/80. உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் தந்தது இதுதான். என் கதையில் பி.பி. எப்படி ஏமாற்றியது என்று பார்த்தாய் அல்லவா? இளம் வயசுப் பெண்ணுக்கு உடம்பில் இருக்கும் ரத்தத்தில் கால்பங்கு போகும்வரைகூட பி.பி. தாக்குப்பிடிக்கும். பல்ஸ்தான் முதலில் ஓடும். நிஜமாகப் பார்த்து எழுதிய எண்ணே இவ்வளவு ஏமாற்றும் என்றால், பார்க்காமல் எழுதிய எண் என்ன செய்யும்? இரத்தசோகையோடு, எட்டு ஒன்பது ஹீமோகுளோபினோடு, நடவு வயலில் இருந்து நேரே பிரசவத்துக்கு வரும் பெண்களுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காது. அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் உன் எண்ணை நம்பித்தான் அந்தப் பெண்ணைத் தாண்டிப் போவார்.

ஆகவே இனிமேல் பார்க்காததை எழுதாதே. பார்க்க முடியாதவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விடு. ‘மேம், இந்த ஆறு பேருக்கு இன்னும் பார்க்கல, காலியா விட்டிருக்கேன், யாரை முதல்ல பார்க்கட்டும்?’ என்று கேள். சண்டைக்கு நிற்பதுபோல் இருக்காது, வேலையைப் பகிர்ந்துகொள்வதுபோல் இருக்கும். திட்டு விழலாம், விழட்டும். காலிக் கட்டம் ஒரு குறை, பொய் எண் ஒரு பொய்யான மருத்துவ ஆவணம். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரி நீதான், ‘நிரப்பு’ என்று சொன்னவர் இல்லை. எல்லாருக்கும் நேரமில்லை என்றால் பிரசவமாகி இரண்டு மணி நேரத்துக்குள் இருப்பவர்கள், பி.பி. 140/90-க்கு மேல் போனவர்கள், வலிப்பு வராமலிருக்க மெக்னீஷியம் சல்பேட் ஓடுகிறவர்கள், இவர்களை முதலில் பார். மெக்னீஷியம் ஓடுகிறவருக்கு பி.பி. மட்டும் போதாது என்று உனக்குத் தெரியும். முழங்காலில் தட்டினால் கால் உதைக்கிறதா, மூச்சு எத்தனை, மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வருகிறதா? இதுவரை நிரப்பியதில் இன்னும் வார்டில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே போய் நிஜமாகப் பார்த்து, பார்த்த நேரத்தோடு எழுது. பழைய எண்ணை அழிக்காதே, மேலே எழுதாதே.

தியேட்டரில் நடந்தது இன்னும் கஷ்டமான விஷயம், ஏனென்றால் அங்கே யாரும் உன்னை அடிக்கவில்லை, கற்றுக்கொள் என்று அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். நம் காலத்தில் இதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை, நானும் அப்படிக் கற்றவள்தான். ஆனால் அந்த அம்மா கைநாட்டு வைத்தது ஆபரேஷனுக்கு. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சமிரா கோஹ்லி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணின் கர்ப்பப்பையை, அவர் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் கேட்டு எடுத்துவிட்ட வழக்கு அது. உயிராபத்து இல்லாத நிலையில், மயக்கம் தெளிந்ததும் அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாணவர்கள் கற்பதற்காகப் பார்ப்பது சிகிச்சைகூட இல்லை. அதற்குத் தனியாகக் கேட்காமல் எப்படி?

கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பார்கள். என் அனுபவம் வேறு. ஒரு கட்டத்துக்குப் பிறகு என் யூனிட்டில் முதல் நாளே வார்டில் உட்கார்ந்து கேட்கச் சொன்னேன்: ‘அம்மா, நான் படிக்கிற டாக்டர். நாளைக்கு மயக்கம் கொடுத்தப்புறம் பெரிய டாக்டர் உள்ள கைவிட்டுப் பார்ப்பாங்க. கத்துக்கறதுக்காக நானும் ஒரு தடவை பார்க்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, உங்க வைத்தியத்துல ஒரு குறையும் வராது.’ திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆயா ஒருவர், ‘கேட்டுட்டுப் பாக்கறியே தாயி, பாத்துக்க, நல்லாப் படி’ என்றார். வேண்டாம் என்றவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிட்டோம். அதனால் யாருடைய படிப்பும் குறையவில்லை. லேபர் வார்டிலும் இதே கணக்குத்தான். பிரசவ வலியின் முதல் கட்டத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒரு பி.வி. போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பனிக்குடம் உடைந்த பிறகு ஒவ்வொரு கையும் கிருமியை ஏற்றும். நாலு பேர் வரிசையில் நிற்கும்போது ‘நான் இவங்ககிட்ட கேக்கல மேம், அடுத்தவங்களுக்குக் கேட்டுட்டுப் பார்க்கறேன்’ என்று பின்னால் நகர்ந்துகொள். ஒரு ஆள் நகர்ந்தால் இன்னொரு ஆளுக்கும் தைரியம் வரும்.

புகார். மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் சிதம்பரத்தில் ராகிங்கில் கொல்லப்பட்டது நீ பிறப்பதற்கு முன்னால். அந்த மாதம் டெல்டாவில் பிள்ளையை மருத்துவக் கல்லூரியில் விட்டிருந்த வீடுகளில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பின்தான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, 1997-ல். இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரை, குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே அந்தச் சட்டம் பார்க்கிறது. ராகிங் என்றால் முதல் வருஷப் பிள்ளைகளை ஆடச் சொல்வது மட்டும்தான் என்று நினைக்காதே. சாதி, பிறந்த ஊர், பொருளாதார நிலை இவற்றைக் காட்டி சக மாணவரை இழிவுபடுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் சேர்த்தது. மருத்துவக் கல்லூரிகளுக்கென்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் தனி விதிகளே போட்டிருக்கிறது. பி.ஜி.யும் மாணவர்தான். ‘ஏழரை’ இதற்குள் வரும். கேஸ் ஷீட் வீசிய அசிஸ்டென்ட் புரொஃபஸர் மாணவர் இல்லை, அவரைப் பற்றிய புகார் துறைத் தலைவர், டீன், அதற்கு மேல் மருத்துவக் கல்வி இயக்குநர் என்று போக வேண்டும். பேச்சில், தொடுதலில் பாலியல் சீண்டல் இருந்தால் அது உள்ளகப் புகார் குழுவுக்கு, மூன்று மாதத்துக்குள். இவற்றையெல்லாம் ஒரே காகிதத்தில் எழுதிக் குழப்பாதே.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. நடப்பில் உன் பயம் நியாயமானது. எக்ஸ்டென்ஷன் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கையெழுத்தை முதலில் பார்த்துக்கொள். லாக்புக்கில் ஒரு வாரக் கையெழுத்துகூட நிலுவையில் இருக்கக் கூடாது, வருகைப் பதிவும் அப்படியே. காரணம் காட்ட எதுவும் மிச்சம் இல்லாமல் செய்துகொண்டு பேசு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், இவ்வளவும் அன்றன்றைக்கே எழுது. வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பாதே. ஆதாரம் என்று நோயாளியின் கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்காதே, அது அவருடைய அந்தரங்கம்.

அடுத்து, தனியாகப் போகாதே. உன் பேட்சில் 7.5-ல் வந்தவர்கள் இன்னும் இருப்பார்கள், அவர்களையும் ஏதோ ஒரு பெயரில் கூப்பிடுவார்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒருத்தியின் காகிதம்போல் டிராயரில் போட்டுவிட முடியாது. வேறு துறையில் ஒரு நல்ல புரொஃபஸர் எல்லாக் கல்லூரியிலும் இருப்பார். யார் என்று மாணவர்களுக்குத் தெரியும். முதலில் அவரிடம் போங்கள். உள்ளே யாரையும் நம்ப முடியாது என்றால் தேசிய ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். ஆனால் விசாரணை கல்லூரிக்குத்தான் வரும், சின்ன யூனிட்டில் யார் சொன்னது என்று ஊகித்துவிடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டே பேசு.

அந்த பி.ஜி.யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவரும் உன் அளவுக்கு, ஒருவேளை உன்னைவிட அதிகமாக, தூங்காமல் இருப்பார். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதி பி.ஜி.க்களுக்கு ‘நியாயமான வேலை நேரம்’ என்கிறது, எத்தனை மணி என்று சொல்லவில்லை. அதே ஆணையம் அமைத்த குழு 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் முழு ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறையில் எந்த வார்டில் கடைப்பிடிக்கிறார்கள் என்று நீயே சொல். ஆகவே டியூட்டி நேரம் பற்றிப் பேசும்போது அவரையும் சேர்த்துக்கொண்டு பேச வழி இருந்தால் பேசு. அதற்காக ‘ஏழரை’யை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மும்பையில் 2019-ல் பாயல் தட்வி என்ற பழங்குடியின பி.ஜி. மாணவி, சீனியர்கள் சாதியைச் சொல்லிச் சொல்லிப் பேசியதாகக் குடும்பம் சொன்ன நிலையில், இறந்துபோனாள். அவளும் ஓ.ஜி.தான். அவளுடைய அம்மா கல்லூரியிடம் முன்பே முறையிட்டிருந்தார். இந்தப் பேச்சை வேடிக்கை என்று விட முடியாது என்பதற்காகத்தான் அவள் பெயரைச் சொல்கிறேன்.

லாயக்கா என்று கேட்டாயே. ஒரு போஸ்டிங்கை வைத்து அதை நானும் சொல்ல முடியாது, உன் அசிஸ்டென்டும் சொல்ல முடியாது. ஹவுஸ் சர்ஜன் காலம் 12 மாதம், ஓ.ஜி. அதில் ஒரு துண்டு. அடுத்த போஸ்டிங்கில் வேறு சீஃப், வேறு வார்டு. முழுசாகத் தூங்கி எழுந்த கண்ணோடு அங்கே ஒரு மாதம் வேலை செய்து பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுது.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் ஊர் பஸ் ஸ்டாப்பில் வைத்திருப்பார்களே அந்த ஃபிளெக்ஸ் என்று நினைக்கிறேன். ‘எங்கள் ஊரின் முதல் டாக்டர்’ என்று கோட்டுப் போட்டோவோடு. அப்பாவுக்கு முழுதும் சொல்ல வேண்டாம் என்றால் அம்மாவிடமாவது சொல். நூறு நாள் வேலையில் மேஸ்திரியிடம் பேச்சு வாங்கியும், அடுத்த நாள் மம்பட்டியோடு போய் நின்றவராகத்தான் இருப்பார். நீ என்ன சொல்கிறாய் என்று அவருக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். பத்திரிகை ஆபீஸில் கேட்டால் என் நம்பர் தருவார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் கூட இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வா. புகாரை உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம். டியூட்டி முடிந்த கையோடு வராதே, தூங்கிவிட்டு வா.